கழலாத் திருகாணி

திருகாணியைப் பற்றி ஒரு கட்டுரை வரையப் போகின்றேன் என்று யான் கூறியபோது, விடுதியில் என்னுடன் உறையும் நண்பர் வாய்விட்டு நகைத்தார். "தொல்காப்பியமும் கலித்தொகையும் பயில்கின்றவர்க்கு எழுதத்தக்க பொருள் வேறொன்றும் அகப்படவில்லையோ?" என்று வினவினார். அவர் நகைத்தது முறையே. ஆயினும், சென்ற ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறை முழுவதையும் விரல்நுனி அளவும் இல்லாத ஒரு திருகாணி விழுங்கிவிட்டது. அதன் பொருட்டு யான் என் தாத்தாவிடம் பொய்யும் கூறினேன், ஒருமுறையன்று, பலமுறை. இதனை எழுதாது பிறிதொன்றை எழுதக் கை ஓடவில்லை. வாசகர் பொறுத்தருள்வாராக.

'மரை' என்னுஞ் சொல்லை யான் அதற்குமுன் சங்கச் செய்யுட்களிலேயே கண்டிருந்தேன். ஆண்டு அது நெல்லிக்காய் தின்று காட்டில் திரியும் ஒருவகை மான். பட்டறையிலோ, திருகாணியின் உடலைச் சுற்றிச் செல்லும் வரைக்கு அதுவே பெயர். "தம்பி, மரை போயிற்று" என்று அண்ணாச்சி முதன்முறை சொன்னபோது, எந்த மான் எங்கே போயிற்று என்று ஒரு கணம் திகைத்து நின்றேன். மரை கழன்றவன் என்று நம்மவர் யாரைச் சொல்வர் என்பதும் அப்பொழுதுதான் விளங்கிற்று.

நிற்க. எங்கள் ஊர் நாசரேத்துக்கும் கடலுக்கும் இடையே, செம்மணல் தேரியின் ஓரத்தில் அமைந்த ஒரு சிற்றூர். மேல்காற்று வீசும் நாட்களில் மணல் வீட்டுக்குள் புகும். கீழ்காற்று வீசும் நாட்களில் உப்பு புகும். எங்கள் இல்லத்தின் மேற்குப் பக்கத்து ஓலைச் சாய்ப்பில், 2009-ஆம் ஆண்டு முதலாக, கோணிச் சாக்குகளால் மூடப்பெற்று ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. 1968-இல் திருவொற்றியூரில் செய்யப்பட்ட 350 சி.சி. புல்லட் அது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் நகரில் 1901-இல் தங்கள் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்ட ராயல் என்பீல்டு கம்பெனியாரின் வண்டி, நம் நாட்டுச் சேனைக்கு வேண்டப்பட்டதனால் இங்குக் குடிபுகுந்தது. 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா என்னுங் கம்பெனி தோன்றிற்று. ஆதியில் அங்கிருந்து வந்த உறுப்புக்களை இங்கே பூட்டி வண்டியாக்கினர். பின்னர் உறுப்புக்களையும் இங்கேயே வார்த்தும் கடைந்தும் கொண்டனர். பிறந்த நாட்டில் அவ்வண்டி செய்வார் இன்றி ஒழிந்த பின்பும், வந்த நாட்டில் அது நில்லாது பிறந்துகொண்டிருந்தது.

என் தாத்தா தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராய் இருந்தவர். 1976-இல் நாகர்கோவிலில் ஒருவரிடம் இரண்டாங் கையாக அவ்வண்டியை வாங்கி, 33 ஆண்டுகள் அதனை ஓட்டினார். கண்ணின் அழுத்தம் மிகுந்து பார்வை மங்கவே, ஒருநாள் மாலை வண்டியைச் சாய்ப்பில் நிறுத்தி, சாவியைச் சுவரில் மாட்டினார். அதன்பின் அவர் அதனை ஓட்டியதில்லை. துடைத்தது மட்டும் சில காலம் உண்டு. இப்பொழுது அவர்க்கு வயது 85. ஒளி உண்டு, உருவம் இல்லை என்று தம் பார்வையைப் பற்றிக் கூறுவார்.

சென்ற டிசம்பர் 13-ஆம் நாள் யான் விடுமுறைக்கு ஊர் சேர்ந்தபோது, அச்சாய்ப்பைப் பிரிப்பதென்று என் தந்தையார் முடிவு செய்திருந்தார். தாத்தா இரவில் முற்றத்தைக் கடந்து குளியலறைக்குச் செல்கையில் இருமுறை தடுக்கி விழுந்துவிட்டார். அவர் அறையை ஒட்டியே குளியலறை கட்டவேண்டும். அதற்குச் சாய்ப்பு நின்ற இடமே இடம். பழைய இரும்பு வாங்குபவர் வந்து வண்டியை எடைக்கு விலை பேசிப் போயிருந்தார். தந்தையாரைக் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. எலும்பு முறிவதா, இரும்பு போவதா என்றால் எவரும் இரும்பையே விடுவர். தாத்தாவும் "போகட்டும்" என்றே சொன்னாராம். ஆனால் அதைச் சொன்ன நாள் தொட்டு அவர் சாய்ப்பின் பக்கம் நாற்காலியைப் போட்டு அமர்வதில்லை என்று என் அன்னையார் கூறினார்.

"யான் இதனைச் சீர்செய்து பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றும் அறியேன். சைக்கிளின் சங்கிலியை மாட்டியதன்றி வேறு பொறிவேலை ஒன்றும் அறியாதவன் யான்.

தந்தையார், "ஜனவரி 2-ஆம் நாள் உனக்குக் கல்லூரி திறக்கும். அதற்குள் அது திரும்ப வண்டியாகும் என்று தெரிந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் அன்றே போகும்" என்றார்.

தாத்தா என்னை அழைத்து, "உதைத்துப் பார்க்காதே. பதினைந்து வருஷமாய் எண்ணெய் உறைந்து கிடக்கும். முதலில் வலப்பக்கத்து மூடியைத் திறந்து பம்பைப் பார். திருப்புளியைப் பார்த்து எடு" என்றார். புல்லட்டில் எண்ணெயைச் செலுத்தும் பம்பும், அதனைத் திரும்ப வாங்கும் பம்பும் அவ்வலப்பக்கத்து மூடியிலேயே அமைந்துள்ளன. எண்ணெய் ஓடாத எஞ்சினைச் சுழற்றுவது அதனைக் கொல்வதற்கு ஒப்பு. இவற்றையெல்லாம் அவர் விளக்கினார். யான் கவனமாய்க் கேட்டேன். இறுதியிற் சொன்ன ஐந்தாறு எழுத்துக்களை மட்டும், முதியோர் வழக்கமாகக் கூறும் எச்சரிக்கையென்று எண்ணி விட்டுவிட்டேன். அங்கேதான் கேடு தொடங்கிற்று.

அம்மூடியைத் தாங்குவன, தலையில் ஒற்றைப் பள்ளம் வெட்டிய எஃகுத் திருகாணிகள். மூடியும் அதன்பின் உள்ள உடலுமோ அலுமினிய வார்ப்பு. உப்புக் காற்றும் ஈரமும் புகுந்தால், இவ்விரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று அரிக்கும். அரிக்கப்படுவது பெரும்பாலும் அலுமினியமே. அரிப்பினால் எழும் வெண்பொடி, தான் இருந்த உலோகத்தினும் மிகுதியான இடத்தைக் கொள்ளும். மரையின் இடுக்கிலே பிறந்து, விரிய இடமின்றி, ஆணியை நாற்புறமும் நெருக்கி நிற்கும். வெளியே பார்ப்பவர்க்கு ஆணியின் தலையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு மட்டுமே தெரியும். அக்கோட்டைக் கண்டு யான் அஞ்சியிருத்தல் வேண்டும். அஞ்சவில்லை.

வீட்டிலிருந்த திருப்புளி, மின்விசிறி மாட்டவும் பெட்டி திறக்கவும் ஆளப்படுவது. நுனி ஆப்புப்போல் சரிந்தது. திருகாணியின் பள்ளமோ நேர்ச்சுவர் உடையது. ஆப்பு நேர்ச்சுவரில் மேல்விளிம்பை மட்டுமே தொடும். திருப்பும் விசை மிகுந்தால் அது மேலே ஏறித் துள்ளும். துள்ளும்போது விளிம்பைக் கடித்துக்கொண்டு போகும். பள்ளத்தின் அடிமுதல் நிறைத்து, அதன் நீளத்துக்குச் சரியாக, இருபக்கமும் இணையாய் இழைத்த நுனியே இதற்கு உரியது. இவற்றை இப்பொழுது எழுதுவது எளிது. அன்றோ, ஐந்து திருகாணிகளின் தலையை அரைமணி நேரத்தில் கடித்துத் துப்பிவிட்டேன். மற்றவை எளிதிற் கழன்றன என்பதே என்னை மேலும் கெடுத்தது. கழலாதவை வேண்டுமென்றே என்னோடு பகைப்பன போலத் தோன்றின.

தாத்தா இரவில் உணவுக்குப்பின், "எத்தனை கழன்றது தம்பி?" என்று கேட்பார். "பாதிக்குமேல் கழன்றது தாத்தா" என்பேன். அஃது உண்மை. "தலை நன்றாயிருக்கிறதா?" என்பார். "இருக்கிறது" என்பேன். அது பொய்.

பின்னர்க் கைப்பேசியில் பற்பல காட்சிகளைக் கண்டேன். அவற்றுள் ஒன்றில் ஒருவர், தலை கெட்ட ஆணியின் நடுவே துளையிட்டு, இடஞ்சுழியாக மரை வெட்டிய ஒரு கடிய கோலை அதனுட் செலுத்தி, இடப்புறமாய்த் திருப்ப, ஆணி வெண்ணெயிற் கத்திபோல எளிதாய் வெளிப்போந்தது. எக்ஸ்ட்ராக்டர் என்பது அதன் பெயர். மறுநாளே திருநெல்வேலிக்குச் சென்று ஒன்று வாங்கி வந்தேன். டிசம்பர் 18-ஆம் நாள் பிற்பகல், கீழ்முனையிலிருந்த ஆணியில் துளையிட்டேன். துளை நடுவில் விழாது ஓரத்தில் விழுந்தது. கோலைச் செலுத்தித் திருப்பினேன். அது இறுகிற்று. மேலும் திருப்பினேன். சிறு கண்ணாடி உடைவது போல ஓர் ஒலி கேட்டது.

அக்கோல் மிகக் கடிய எஃகு. கடியதாதலின் வளையாது, முறியும். முறிந்த துண்டு ஆணியினுள்ளே தங்கிவிட்டது. இனி அவ்வாணியைத் துளையிடவும் இயலாது. ஏனெனில் துளைக்கருவியினும் உள்ளிருப்பது கடிது. மேலும், ஆணியினுட் புகுந்த அக்கோல் அதனை விரித்து, முன்னிலும் இறுக்கிவிடுகின்றதென்பதையும் பின்னரே அறிந்தேன். மருந்து நோயோடு சேர்ந்துகொண்டது.

யான் அப்பொழுது செய்ததைச் சொல்ல நாணுகின்றேன். துளையின்மேல் கிரீஸைத் தடவி, அதன்மேல் சாய்ப்பின் புழுதியைத் தூவி, மற்ற ஆணிகளின் தலையைப் போலவே தோன்றச் செய்தேன். பார்வையற்ற ஒருவர்க்காக அவ்வளவு பாடுபட்டது ஏனோ! மூன்று நாட்கள் சாய்ப்பில் அமர்ந்து, வேலை செய்வதாக ஒலி எழுப்பிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 21-ஆம் நாள் கடைக்குச் சென்று மீண்டபோது, தாத்தா சாய்ப்பினுள் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்திருந்தார். கைத்தடி தரையிற் கிடந்தது. வலக்கை மூடியின் விளிம்பைத் தடவிச் சென்று கீழ்முனையில் நின்றது. சுட்டுவிரல் நுனி கிரீஸில் அமிழ்ந்திருந்தது.

"இது என்ன தம்பி?" என்றார்.

"எண்ணெய்த் துளை, தாத்தா" என்றேன்.

"முப்பத்து மூன்று வருஷம் இதைத் துடைத்தவன் நான். இந்த இடத்தில் துளை கிடையாது."

அதன்பின் யான் ஒன்றையும் மறைக்கவில்லை. திருப்புளி, கடித்த தலைகள், கோல், கிரீஸ், புழுதி அனைத்தையும் முறையாகச் சொன்னேன். அவர் சினப்பார் என்று எதிர்பார்த்தேன்; சினந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் விரலைக் கோணியில் துடைத்துக்கொண்டு, "உடைந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் மூன்று நாள் மிஞ்சியிருக்கும். சரி, எண்ணெயாவது விட்டாயா?" என்றார். விடவில்லை. "அப்படியானால் இன்றைக்கு விடு. நாளைக்கும் விடு. கையை வைக்காதே" என்றார்.

அவ்வாறே மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து, ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாக விட்டு வந்தேன். எண்ணெய் இடுக்கினுள் இறங்குவதற்கு விசை வேண்டுவதில்லை, காலமே வேண்டும். கிறிஸ்துமஸ் அன்றும் ஆராதனைக்குச் செல்லுமுன் விட்டேன். அதற்கிடையில் தாத்தா ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து நெடுநேரம் பேசினார்.

டிசம்பர் 26-ஆம் நாள் காலைப் பேருந்தில் ஒரு பழைய தோற்பையுடன் மெக்கானிக் அண்ணாச்சி வந்து இறங்கினார். அறுபது வயதைக் கடந்தவர். தாத்தாவிடம் மூன்றாம் வகுப்புப் பயின்றவர். "சார், நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, வாயிற்படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சாய்ப்பினுள் சென்றார். யான் செய்த வேலையைக் கண்டு ஒன்றும் கூறாமல், என்னையும் ஒருமுறை பார்த்தார். அவ்வளவே.

அவர் முதலிற் செய்தது கழற்றுவதற்கான வேலையன்று. பெட்ரோல் தொட்டியைக் கழற்றி முற்றத்தின் கடைசிக்கு எடுத்துப்போகச் செய்தார். ஓர் அட்டையை வாங்கி, மூடியின் உருவத்தை அதன்மேல் வரைந்து, ஆணி உள்ள இடந்தோறும் துளையிட்டார். கழன்ற ஆணிகளை அததற்குரிய துளையிற் குத்திவைக்க வேண்டும். இவ்வாணிகள் ஒரே நீளமுடையன அல்ல. நெடியது குறியதன் இடத்திற் புகுந்தால் அடியில் முட்டி வார்ப்பைப் பிளக்கும். குறியது நெடியதன் இடத்திற் புகுந்தால் இரண்டு மூன்று மரைகளை மட்டும் பற்றி, அவற்றை உரித்துக்கொண்டு வரும். முன்னரே கழற்றிய ஆணிகளை யான் ஒரு டப்பாவில் ஒன்றாய்ப் போட்டு வைத்திருந்தேன். அவற்றை ஒவ்வொன்றாக அளந்து இடங்காணவே ஒருமணி நேரம் சென்றது.

அவற்றுள் ஒன்றை அவர் தனியே எடுத்துக் காட்டினார். அது மெட்ரிக் ஆணி. யாரோ ஒரு காலத்தில் கிடைத்ததைத் திணித்திருக்கின்றார். இவ்வண்டி அங்குலக் கணக்கிற் பிறந்தது. ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர் 1841-இல் திருகாணிகளுக்கெல்லாம் ஓர் ஒழுங்கு வேண்டுமென்று கூறி, மரையின் கோணம் 55 பாகையாக இருத்தல் வேண்டுமென வரையறுத்தார். பிரிட்டிஷ் வண்டிகளின் மரைகள் பல அவ்வழியில் வந்தவை. மெட்ரிக் மரையின் கோணமோ 60 பாகை. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் ஆணி அதனுள் தளர்ந்தேனும் புகும், பிடிப்பது போலவும் காட்டும், ஆனால் உண்மையிற் பிடியாது. "எதுகை சரியா வருது, பொருள் வரலைன்னு சார் சொல்வாங்களே, அது மாதிரி" என்றார் அண்ணாச்சி. மூன்றாம் வகுப்பில் எதுகை கற்பித்த தாத்தாவை எண்ணி யான் வியந்தேன்.

கெட்ட ஐந்து தலைகளையும் அவர் ஒரே வழியில் அணுகவில்லை. முதலாவதற்கு, கடிபட்டு எழுந்த விளிம்பைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி மீண்டும் பள்ளத்தின்மேல் மூடினார். பின் ஹேக்சா பிளேடால் அப்பள்ளத்தைச் சிறிதே ஆழமாக்கினார். வால்வு தேய்க்கும் பேஸ்டை ஒரு துளி அதனுள் இட்டு, சரியான நுனியுடைய திருப்புளியை ஊன்றினார். அப்பேஸ்டிலுள்ள கரகரப்பு நுனியையும் சுவரையும் பற்றிக்கொள்கின்றது. ஆணி முனகிக்கொண்டு கழன்றது.

அடுத்த இரண்டிற்கு இம்பாக்ட் டிரைவர் என்னும் கருவியை எடுத்தார். பருத்த கைப்பிடியுடைய திருப்புளி போன்றது அது. அதன் தலையில் சுத்தியலால் ஓங்கி அடித்தால், அவ்வடியின் ஒரு பகுதி உள்ளிருக்கும் சரிவினால் சுழற்சியாக மாறும். நுனி பள்ளத்தினின்று எழ முயலும் அதே கணத்தில் அடி அதனை உள்ளே அழுத்துகின்றது. அன்றியும் அவ்வதிர்ச்சி வெண்பொடியின் பிடியையும் நொறுக்குகின்றது. ஆனால் மெல்லிய வார்ப்பின்மேல் அளவின்றி அடித்தால் வார்ப்பே பிளந்துவிடும். அவர் அடித்த ஒவ்வோர் அடிக்கும் முன் மூடியின் பின்புறம் எங்கே தாங்கியிருக்கின்றதென்று கைவைத்துப் பார்த்துக்கொண்டார். தாத்தா திண்ணையிலிருந்து அடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான்காம் அடியில் ஒலி மாறிற்று. "விட்டது" என்றார் தாத்தா. எங்கட்கு ஒன்றும் தெரியவில்லை. திருப்பிப் பார்த்தால் உண்மையிலேயே விட்டிருந்தது.

நான்காவதன் தலையின் ஓரத்தில் வெட்டிரும்பை நேராக வைத்து ஒரு வடு செய்து, பின் வெட்டிரும்பை இடப்புறமாகச் சாய்த்து, அவ்வடுவைத் தள்ளித் தள்ளிச் சுற்றினார்.

எஞ்சியது என் ஆணி. அதனருகில் அவர் நெடுநேரம் குந்தியிருந்தார். பின்பு, "தம்பி, இதுக்குக் கோலே வேண்டியதில்லையே. தலையை மட்டும் எடுத்திருந்தால் போதுமே" என்றார். சொன்ன மாத்திரத்தில் எனக்கு விளங்கிற்று. விளங்கியதும் முகம் வெந்தது. மூடியைப் பிடித்திருப்பது ஆணியின் தலையே. தலையைத் துளையிட்டு நீக்கிவிட்டால் மூடி தானே வெளிவரும். அப்பொழுது ஆணியின் உடல், மூடியின் தடிப்பளவு, முளைபோல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதனைப் பிடித்துத் திருப்பலாம். தலை போனவுடனே இழுவிசையும் போய்விடுமாதலின், பெரும்பாலும் இலகுவிலே கழலும். யானோ, தலையையும் கெடுத்து அதன் வயிற்றில் முறியாத இரும்பையும் புகுத்தி வைத்திருந்தேன்.

கடிய எஃகைத் துளைக்கருவி தொடாது, சாணைக்கல் தொடும். சுண்டுவிரல் நுனியளவான சாணைக்கல்லைச் சுழலவிட்டு, முறிந்த கோலைச் சுற்றியிருந்த தலையைச் சிறிது சிறிதாக அரைத்தெடுத்தார். ஒருமுறை கல் வழுக்கி மூடியில் பிறைபோல ஒரு வடுவைச் செய்துவிட்டது. அவ்வடு இன்றும் இருக்கின்றது. பின்னர் மரச்சுத்தியலால் மூடியைச் சுற்றித் தட்டவே, பதினைந்து ஆண்டுகளின் கரிய எண்ணெய் வழிய அது பெயர்ந்து வந்தது. தலையற்ற ஆணி, வயிற்றில் கோலின் துண்டுடன், உடலிலே தனியே நின்றது.

அதனைச் சுற்றியிருந்த அலுமினியத்தை, ஒரு துளி நீர் பட்டால் சீறியெழும் அளவுக்குச் சூடேற்றினார். சமமான வெப்பத்தில் அலுமினியம் எஃகினும் ஏறக்குறைய இருமடங்கு விரியும். ஆதலின் துளை அகன்று ஆணி தளரும். வைஸ் கிரிப்பால் இறுகப் பற்றி என் கையில் தந்து, "முதல்ல இறுக்கு" என்றார். ஐயுற்றேன். "மயிரிழை அளவு இறுக்கு, பிடி விடும். அப்புறம் கழற்று." அவ்வாறே செய்தேன். முதலில் அணுவும் அசையவில்லை. பின் மணல் நொறுங்குவது போன்ற ஓர் உணர்ச்சி கையில் ஏறிற்று. அதன்பின் இடப்புறமாக ஒரு சுற்று, ஓர் அரைச்சுற்று, மீண்டும் ஒரு சுற்று. வெளிவந்த ஆணியை நேரே தாத்தாவிடம் கொண்டுசென்று உள்ளங்கையில் வைத்தேன். சூடாயிருந்தமையால் அவர் அதனை இக்கையினின்று அக்கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்தார்.

அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் மூடியின் உட்புறத்தில் பம்பின் மேலிருந்த தகட்டைக் கழற்றுகையில், ஒரு சிறு ஆணி தலையின் அடியிலேயே முறிந்து, மேற்பரப்போடு சமமாக நின்றுவிட்டது. இம்முறை முறித்தவர் அண்ணாச்சி. அவர் சிறிதும் கலங்காது, "வீட்டில் படிகாரம் உண்டா?" என்று கேட்டார்.

நாவிதர் முகத்தில் தடவும் அதே படிகாரந்தான். அதன் கரைசல் எஃகைத் தின்னும். பித்தளையையும் அலுமினியத்தையும் தொட்டும் தொடாமலும் விட்டுவிடும். கடிகாரம் பழுதுபார்ப்போர், பித்தளைத் தகட்டில் முறிந்த நுண்ணிய எஃகாணிகளை இவ்வாறே போக்குவராம். மூடியிலிருந்த வேறு எஃகுறுப்புக்களை எல்லாம் எடுத்துவிட்டோம். இல்லையேல் அவையும் உணவாகிவிடும். பாட்டியார் காலத்து அகன்ற மண்சட்டியில் நீரைச் சுடவைத்து, கரையுமளவும் படிகாரத்தை இட்டு, மூடியை அதனுள் அமிழ்த்தினோம். அண்ணாச்சி கூலி வாங்க மறுத்து, மாலைப் பேருந்தில் திரும்பினார். அதிரசமும் முறுக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார்.

சிறிது நேரத்தில், முறிந்த ஆணி இருந்த இடத்திலிருந்து மட்டும் மணிமணியாய்க் குமிழிகள் எழலாயின. நான்கு நாட்கள் நீரை ஆறவிடாமல் தணலை மாற்றிக்கொண்டிருந்தேன். தாத்தா நாற்காலியைச் சட்டியருகே போடச் சொல்லி அமர்ந்தார். குமிழி எழும் ஒலி எனக்குக் கேட்கவில்லை, அவர்க்குக் கேட்டது. "நின்றுவிட்டதே, நீர் ஆறிவிட்டதா பார்" என்பார், பார்த்தால் ஆறியிருக்கும். அந்நான்கு நாட்களில் அவ்வண்டி சென்ற வழிகளையெல்லாம் சொன்னார். மழைக்காலத்தில் தேரிச் சாலையில் மணல் இறுகியிருக்கும்போது மட்டுமே வேகமாய்ப் போகலாமென்றும், தந்தையார் நான்கு வயதில் தொட்டியின்மேல் அமர்ந்து பள்ளிக்கு வந்தாரென்றும், ஒருமுறை உறங்கிச் சரிய இருந்தவரைத் தம் முழங்கையால் தாங்கிக்கொண்டே ஏழு மைல் ஓட்டினாரென்றும் கூறினார்.

டிசம்பர் 30-ஆம் நாள் இரவு தந்தையார் முற்றத்துக்கு வந்தார். "இன்னும் என்ன சமையல்?" என்று கேட்டார். மூடியை எடுத்து, ஆணி இருந்த இடத்தை ஒரு கோணியூசியால் குத்தினேன். கரிய சேறுபோல ஏதோ உதிர்ந்தது. இருட்டாயிருந்தது. தந்தையார் கேளாமலேயே டார்ச்சை எடுத்து அடித்துப் பிடித்தார். துளையினுள் மரை சுற்றுச் சுற்றாய், நேற்று வெட்டியது போல ஒளிர்ந்தது. அலுமினியத்தின் முகம் சிறிது மங்கியிருந்தது, அவ்வளவே.

"இதில் உட்கார்ந்துதானே பள்ளிக்குப் போனேன்" என்று அவர் பொதுவாகச் சொன்னார். யாரும் விடை கூறவில்லை.

புத்தாண்டு நாளன்று பம்புகளை மண்ணெண்ணெயிற் கழுவிப் பூட்டினேன். கெட்ட ஐந்திற்கும் புதிய ஆணிகளை அண்ணாச்சி பேருந்து நடத்துநர் கையிற் கொடுத்தனுப்பியிருந்தார்; செம்புப் பொடி கலந்த கிரீஸை மரையில் தடவி, அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக இட்டேன். இம்முறை திருப்புளியைத் தாத்தாவிடம் கொடுத்து, நுனியைத் தடவிப் பார்க்கச் சொன்னபின்னரே தொடங்கினேன்.

வண்டி ஓடவில்லை. அதற்கு இன்னும் பல வேலைகள் உண்டு: கார்ப்பரேட்டர் திறக்கப்படவில்லை, மின்கம்பிகளை எலி தின்றிருக்கின்றது, சக்கரங்களில் ரப்பர் இல்லை. ஜனவரி 2-ஆம் நாள் காலையில் தந்தையார், "சாய்ப்பைப் பிரித்தாக வேண்டும். வண்டியைத் திண்ணையோரம் தள்ளுவோம், பிடி" என்றார். மூவர் சேர்ந்து தள்ளினோம். தாத்தா பின்னிருக்கையில் ஒரு கையை வைத்துக்கொண்டு உடன் நடந்தார். பழைய இரும்பு வாங்குபவர்க்கு என்ன சொல்லியனுப்பினார் என்பதை யான் கேட்கவில்லை.

குளியலறை கட்டி முடிந்துவிட்டதென்று அன்னையார் கடிதத்தில் எழுதியிருக்கின்றார். அக்கோல் முறிந்த ஆணி தாத்தாவின் கண்ணாடிக் கூட்டில் இருக்கின்றதாம். பல்சக்கரப் பெட்டியின் மூடியிலும் திருகாணிகள் சில உள்ளன. அவற்றைச் சுற்றி இப்பொழுதே எண்ணெய் விடத் தொடங்கிவிட்டதாகவும், கோடை விடுமுறைக்கு யான் வரும்வரையில் ஒருவரும் அவற்றில் கைவைக்கலாகாதென்று அவர் கட்டளையிட்டிருப்பதாகவும் அதே கடிதத்திற் கண்டேன்.